பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தீங்களா?

கோவை கணபதியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெரிய பைக் வாங்கப் போகிறவர்கள் யோசனை கேட்க வந்தால் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "டாப் ஸ்பீடு எவ்வளவுங்ணா?" ஆறு மாதம் கழித்து அதே ஆள் சர்வீஸுக்கு வரும்போது டாப் ஸ்பீடு பேச்சே இருக்காது. மணிக்கட்டு வலி, தொடையில் இன்ஜின் சூடு, அல்லது "வீட்ல இனிமே ஏறவே மாட்டேங்கறாங்கணா."

ரேஸ் பைக்கின் பிரேக்கும் இழுவையும் இருக்க வேண்டும். ஆனால் 400 கிலோமீட்டர் ஓட்டி இறங்கினாலும் இடுப்பு நிமிர வேண்டும். அதற்குப் பெயர்தான் ஸ்போர்ட் டூரர்.

கவாசாகி நிஞ்ஜா 650, ஹோண்டா சிபிஆர்650ஆர் இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் நிறைய. இரண்டுமே 649 சிசி. கவாசாகிக்கு இரண்டு சிலிண்டர், பவர் 68 பிஎஸ் (குதிரைத்திறன் கணக்கு). ஹோண்டாவுக்கு நான்கு சிலிண்டர், புது மாடலில் சுமார் 95 பிஎஸ். இதோடு நிறுத்தினால் ஹோண்டா ஜெயித்துவிட்டது. டார்க்கையும், அதாவது இன்ஜினின் முறுக்கு விசையையும் பாருங்கள். 64, 63 நியூட்டன் மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நிஞ்ஜா அதை 6,700 ஆர்பிஎம்மிலேயே (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் கணக்கு) கொடுத்துவிடும். ஹோண்டாவை 9,500 வரை முறுக்க வேண்டும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஒரு ஆள், இரண்டு பக்கமும் பை, முன்னால் பஸ். அங்கே 9,500க்கு யார் முறுக்குவார்கள்? சேலம் நான்குவழிச் சாலையில் நான்கு சிலிண்டர் போடுகிற சத்தம் வேறு விஷயம். அதற்காகவே ஹோண்டா எடுப்பவர்களை நான் தடுப்பதில்லை, எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும்.

கவாசாகியே இதைப் புரிந்து வைத்திருக்கிறது. நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் 142 பிஎஸ். அதற்கு அடுத்து வந்த 1100எஸ்எக்ஸில் இன்ஜினைப் பெரிதாக்கிவிட்டு, பவரை 136க்குக் குறைத்தார்கள். டார்க் 111லிருந்து 113 ஆனது. "புது மாடல்ல பவர் கம்மியாமுங்ணா" என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஓட்டிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சீட் உயரத்தை ஷோரூமில் சமதரையில் பார்த்து ஏமாறாதீர்கள். போன வருடம் ஒரு லிட்டர் பைக் (1000 சிசி அளவு) என்னிடம் வண்டியில் ஏற்றி வந்தது. மலையில் இடது வளைவில் எதிரே பஸ் வர, நிறுத்தி இடது காலை ஊன்றியிருக்கிறார். வளைவின் உள்பக்கம் ரோடு சரிந்திருக்குமல்லவா? கால் தரைக்கு எட்டவில்லை. 240 கிலோ வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டது. கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், பக்கவாட்டு ஃபேரிங் (வண்டியை மூடும் உறை) எல்லாம் அடி. ஆளுக்குக் காயம் இல்லை, பில்லைப் பார்த்ததும்தான் முகம் போனது.

வாங்கிய பிறகு பலர் தொடாத இடம் பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோட், அதாவது எடைக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கிற அளவு. தனி ஆளுக்கு வைத்த அளவிலேயே மனைவியையும் பைகளையும் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வளைவில் வண்டி திரும்பவே யோசிக்கும். இரண்டு பேர் உட்காரும்போது செயினும் இறுகும். அதனால் செயின் தளர்வு கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். "டைட்டா வெச்சா நல்லதுங்ணா" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இன்ஜின் பக்கம் செயினைச் சுற்றுகிற கவுண்டர் ஷாஃப்டின் பேரிங் போகும். செயின் தொல்லையே வேண்டாமென்றால் பிஎம்டபிள்யூ ஆர்டி போல ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் சுழலும் தண்டு) வண்டி இருக்கிறது, அந்த விலைக்கு நம்மூரில் காரே வந்துவிடும். 350 சிசிக்கு மேல் 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி வேறு 40 சதவீதம்.

பழைய வண்டியென்றால் டயர் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள், டயர் தயாரான வாரமும் வருடமும் அதுதான். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதுசு போல இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும்.

அன்னூர்க்காரர் ஒருவர் இரண்டு மாடலை முடிவு செய்துவிட்டு என்னிடம் வந்தார். கூடவே மனைவியும். இரண்டும் அன்றைக்குக் கடையில் சர்வீஸுக்கு நின்றன. ஓனர்களிடம் போனில் கேட்டுக்கொண்டு, "அம்மிணி, நீங்களும் உக்காந்து பாருங்" என்றேன். முதல் வண்டியில் ஏறியவர், கால் மடங்கி முட்டி இடுப்புக்கு மேலே வர, ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டார். இரண்டாவதில் ஏறி, பின்னால் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "இதுல ஊட்டி வரைக்கும் வருவனுங்" என்றார். அவர் கணவர் முதல் வண்டியை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். அடுத்த மாதம் இரண்டாவதைத்தான் ஓட்டி வந்தார், டாப் பாக்ஸ் மாட்ட.