வெள்ளணு நோர்மல் என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமா?

"டொக்டர், வெள்ளணு சரியாத்தானே இருக்கு? அப்ப கிருமி இல்லைதானே?" டயலிசிஸ், அதாவது மெஷின் மூலம் இரத்தச் சுத்திகரிப்பு, செய்துகொள்பவர்களின் வீட்டார் றிப்போட்டை நீட்டிக் கேட்பது இதைத்தான். மட்டக்களப்பில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமானதுதான், ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர் விஷயத்தில் அந்த ஓர் எண்ணை வைத்து நிம்மதியடைய முடியாது.

ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருப்பது வழக்கம். டயலிசிஸ் செய்யும் பலருக்கும் எண்ணிக்கை இதற்குள்தான் நிற்கும். கெட்டுப்போவது அவற்றின் வேலை. கழிவுகள் இரத்தத்தில் தேங்கத் தேங்க, கிருமியை விழுங்கிக் கொல்லும் நியூட்ரோபில்கள் மந்தமாகின்றன. லிம்போசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் குறைகின்றன, மிஞ்சியவையும் முன்போல் எதிர்த்து நிற்பதில்லை. டயலிசிஸ் அந்தக் கழிவுகளில் ஒரு பங்கைத்தான் அகற்றும், அதனால் இந்தக் குறை முழுதாகத் தீராது.

மெஷின் வெள்ளணுக்களைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. வடிகட்டிச் சவ்வின் துளைகளுக்குள் அவை நுழையவே முடியாது. நடப்பது வேறு. இரத்தம் சவ்வில் பட்டதும் கொம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி தூண்டப்படுகிறது. நியூட்ரோபில்கள் ஒட்டும் தன்மை பெற்று, நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய்த் தங்கிவிடுகின்றன. முதல் 15 - 30 நிமிடங்களில் எண்ணிக்கை விழும், பிறகு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பழையபடி ஏறும். 1968இலேயே இதைக் கண்டிருந்தார்கள், காரணம் 1977இல் விளங்கியது. அந்தக் காலத்துச் செலுலோஸ் சவ்வுகளில் வீழ்ச்சி பெரிது. பொலிசல்போன் போன்ற இன்றைய சவ்வுகளில் மிகக் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் மாதப் பரிசோதனைக்கான இரத்தத்தை மெஷினில் போடுவதற்கு முன் எடுப்பதே நல்லது.

சரி, எண்ணை நம்ப முடியாவிட்டால் எதைப் பார்ப்பது? நடுக்கத்தை. கழுத்தில் கதீற்றர் (டயலிசிஸுக்காக இரத்தக் குழாயில் செருகிய குழாய்) உள்ளவருக்கு டயலிசிஸ் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் "குளிருது மனே" என்று உடம்பு உதறினால், ஏசியைக் குறைத்துப் போர்வையைக் கொடுத்து விட்டுவிடக் கூடாது. குழாய்க்குள் குடியிருந்த கிருமி இரத்தத்தோடு உள்ளே போயிருக்கலாம். இவர்களில் பலருக்கு உடல் வெப்பநிலை இயல்பாகவே சற்றுக் குறைவு என்பதால், காய்ச்சல் பெரிதாகக் காட்டாது. வெறும் சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, பிரஷர் இறங்குவது மட்டுமே தெரியலாம். டயலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் இதய நோய்களுக்கு அடுத்த இடம் தொற்றுக்குத்தான்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது கதீற்றரோடு மாதக்கணக்கில் இருந்துவிடுவது. கையில் பிஸ்டுலா, அதாவது டயலிசிஸ் ஊசி போடுவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைக்கும் சத்திரசிகிச்சை, செய்யச் சொன்னால், "வயலில் மண்வெட்டி பிடிக்கிற கை" என்று படுவான்கரைப் பக்கத்து விவசாயிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் முடிந்தவரை அதிகம் புழங்காத கையில்தான் செய்வார்கள், கதீற்றரைவிடத் தொற்றும் மிகக் குறைவு. ஊசி போடும் அளவுக்கு அது முதிர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதனால் டயலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்தவுடனேயே பேச்சைத் தொடங்குங்கள். கதீற்றர் இருக்கும்வரை கிணற்றடியில் தலையில் அள்ளி ஊற்றுவதும், வாவியில் இறங்குவதும் வேண்டாம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இதனோடு சேர்ந்ததே. மந்தமான வெள்ளணுக்கள் தடுப்பூசிக்கும் மந்தமாகத்தான் பதில் தரும். அதனால் இவர்களுக்கு வழக்கமான அளவின் இரு மடங்கு, 40 மைக்ரோகிராம், கொடுத்து, பின்னர் எதிர்ப்பொருள் அளவையும் பார்க்கிறோம்.

வாகரையிலோ வெல்லாவெளியிலோ இருப்பவர் இரவில் நடுங்கத் தொடங்கினால், பனடோல் போட்டுவிட்டு அடுத்த டயலிசிஸ் நாள்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோட்டிக்கையும் விழுங்க வேண்டாம், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதை அது கெடுத்துவிடும். பக்கத்து வைத்தியசாலைக்குப் போய், டயலிசிஸ் செய்பவர், கழுத்தில் கதீற்றர் இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) இரத்தம் எடுத்தார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள்.