மே மாதத்து மாங்காய்க் கணக்கு

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் லோடு இறங்குவதை வேடிக்கை பார்த்தபோது வேண்டாத கணக்கு ஒன்று மண்டைக்குள் புகுந்தது. மே 1 அன்று ஒரு காய், மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு என்று தினமும் இரட்டித்தால், மாதக் கடைசியில் மொத்தம் எத்தனை சேரும்?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது, முப்பத்தொரு 2-களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. இத்தனை காயையும் சம வரிசைகளாக அடுக்க நினைத்தால் நடக்காது. ஒரே நீள வரிசையாக வேண்டுமானால் வைக்கலாம். 2147483647 ஒரு பகா எண்.

ஜூனில் இதைச் செய்திருந்தால் கதையே வேறு. 30 நாளை இரண்டிரண்டாகப் பிரியுங்கள். முதல் ஜோடி 1+2=3, அடுத்தது 4+8=12, அப்புறம் 16+32=48. எல்லாம் 3-இன் மடங்கு, எனவே மொத்தமும் 3-ஆல் வகுபடும். ஐந்தைந்தாகப் பிரித்தால் 31-ஆல் வகுபடுவது தெரியும். 31 நாளை இப்படிக் கூறுபோட முடியாது, 31 தானே பகா எண்ணாயிற்றே. சரி, அது மட்டும் போதுமா? போதாது. 11-உம் பகா எண்தான், ஆனால் 11 நாள் மொத்தமான 2047 என்பது 23 × 89.

பிறகு எப்படி உறுதி செய்வது? இந்த எண்ணின் வர்க்கமூலமான 46,340 வரை உள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேல் ஒரு வகுத்தி இருந்தால், அதன் ஜோடி கீழேதான் இருக்கும். ஆனாலும் கையால் வகுக்க அது அதிகம். கணித மேதை ஆய்லர் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டினார். இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதால் வகுத்த மீதியைக் கவனியுங்கள். 1-இல் தொடங்கி இரட்டித்துப் போனால் 31 அடியில் மீதி மறுபடி 1. அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடியிலும் மீதி 1 ஆகும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். இரண்டும் ஒத்துப்போக, அந்தக் குறைவான எண் 31-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். அது இரட்டைப்படையும்கூட, ஆகவே 62-இன் மடங்கு. தவிர, வகுத்தியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரலாம். (2047-இல் சோதித்துப் பாருங்கள். அங்கே 11 நாள் என்பதால் 62-க்குப் பதில் 22: 23, 89 இரண்டும் 22-இன் மடங்கோடு ஒன்று.) இரண்டு சல்லடையிலும் சலித்தால் மிஞ்சுபவை சுமார் 370 எண்களே. 1772 வாக்கில் ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவிவிட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம்!

இதே எண் பழைய கணினிகளுக்குள்ளும் இருக்கிறது. கணினி எண்களை 0, 1 மட்டும் கொண்டு எழுதும்; அப்படி 31 இடங்களிலும் 1 நிரம்பினால் வருவது இதுதான். அந்த அளவில் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் கருவிகளுக்கு, நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண்ணிக்கை நிரம்பிவிடும். அடுத்த நொடியில் எண்ணிக்கை எதிர்ம எண்ணாகத் தாவி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.