மரச் சக்கும் என் பெருவிரலும்

லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், கடைய வேண்டிய கட்டையைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுவதுதான் சக்; கவ்வும் பற்களைத் தாடை என்போம். கடையில் நாலு தாடை வைத்த இரும்புச் சக் ஆயிரக்கணக்கில் விலை. அதனால் மரத்திலேயே சக் செய்துகொள்ளலாமா என்று கேட்டு, களியக்காவிளையில் இருக்கும் என் கடைசல் பட்டறைக்குப் பையன்கள் வருகிறார்கள், பாறசாலையிலிருந்தும்கூட. தாராளமாகச் செய்யலாம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் கடைசிவரை மரச் சக்கில்தான் சொப்பு கடைந்தார்.

போன வாரம் ஒருவன் கொண்டுவந்தது அயினிக் கட்டை. நடுவே குழி, சுற்றி எட்டு வெட்டு, மேலே, ரப்பர் குழாயை இறுக்கப் போடும் திருகு வளையமான ஹோஸ் கிளிப் ஒன்று. கிளிப்பை முறுக்கினால் எட்டுத் தாடையும் உள்ளே நெருங்கிக் கடைய வேண்டிய கட்டையைக் கவ்வும். யோசனை நல்லதுதான். ஆனால் பலகையிலிருந்து வட்டமாக அறுத்த துண்டு அது, மரத்தின் நார் ஓடும் ரேகை தாடைக்குக் குறுக்கே ஓடியது. விரலால் நெம்பினேன். ஒரு தாடை பிஸ்கட் மாதிரி ஒடிந்து கையோடு வந்தது. பையன் முகம் சுருங்கிப்போயிற்று. லேத்தில் ஓடும்போது ஒடிந்திருந்தால் அது அவன் முகத்துக்குத்தான் வந்திருக்கும்.

ரேகை தாடையின் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்படி வைத்தால், சக்கை லேத்தோடு பிணைக்கும் இரும்புத் தட்டான பேஸ் பிளேட்டின் ஸ்க்ரூ மரத்தின் தலைவெட்டில், அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முகத்தில் இறங்கும், அங்கே பிடிப்பு குறைவு. ஆகவே 2 அங்குல ஸ்க்ரூவாகப் போடுங்கள். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம்; அது வளையாது, மடக்கென்று ஒடியும். வெட்டு முடியும் இடத்தில் முதலில் 6 மில்லி துளை போட்டுவிட்டு அதுவரை அறுத்தால், விரிசல் அதைத் தாண்டிப் போகாது.

இனி ஹோஸ் கிளிப். அதன் முறுக்காணி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், லேத் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான். பெருவிரல் நகம் போயிற்று, மூன்று தையல். அன்றிலிருந்து எனக்குக் கிளிப் கிடையாது. சக்கின் வாய்ப்பக்கம் சற்று ஒல்லியாக வருமாறு வெளியே சரிவு கொடுத்துக் கடைந்துவிட்டு, உலக்கைக்குப் போடுவதுபோல ஒரு இரும்புப் பூண் மாட்டிச் சுத்தியலால் பின்னுக்குத் தட்டுகிறேன். இறுகிக்கொள்ளும், வெளியே ஒன்றும் நீட்டாது. கிளிப்தான் வேண்டுமென்றால் சைக்கிள் டியூப்பை அகலமாக வெட்டி, முறுக்காணி மறையும்படி அதன் மேலே இழுத்து மாட்டுங்கள்.

நம் பட்டறைகளில் பாதி லேத் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் பழைய மோட்டாரில் ஓடுகிறது. அதிலேயே நேராக மாட்டினால் 8 அங்குலக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் போகும். விட்டத்தை அங்குலத்தில் அளந்து சுற்றோடு பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் நிற்க வேண்டும் என்பது கடைசல்காரர் கணக்கு. மரச் சக்குக்கு நான் 6000-ஐத் தாண்டுவதில்லை; 8 அங்குலத்துக்கு 750 சுற்று. முடிந்தவரை, லேத்தின் மறுமுனையில் கட்டையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை முட்டுக் கொடுத்தே வையுங்கள். ஸ்விட்ச் போடும்போது கிண்ணத்துக்கு நேரே நிற்காதீர்கள். கையுறை ஆகாது, தோளில் தோர்த்தும் (துண்டும்) ஆகாது. முகத்துக்கு மறைப்பு வேண்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் மரம் ஈரம் குடித்து ஊதும், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஊதாது. சித்திரையில் வட்டமாக இருந்த குழி ஆனியில் முட்டை வடிவாகியிருக்கும், எட்டில் நாலு தாடைதான் பிடிக்கும். கடைசல் உளியால் குழியை மறுபடி வட்டமாக்கிவிட்டுத்தான் மழைக்காலத்தில் முதல் கட்டையை மாட்டுவேன். தாடை அடியில் முடியளவு விரிசல் தெரிந்தாலும் அந்தச் சக் அடுப்புக்குப் போய்விடும்.