மருந்துச் சீட்டு எத்தனை நாள் செல்லும்?

மருந்துச் சீட்டில் காலாவதித் தேதி எதுவும் இருப்பதில்லை என்பதால், மருத்துவர் ஒருமுறை எழுதித் தந்தது எப்போதும் செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் நாட்டில் பின்பற்றப்படும் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள், சீட்டுக்கு இத்தனை நாள் என்று பொதுவான கெடு வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைவிடக் கண்டிப்பான ஒன்றை 65ஆவது விதி சொல்கிறது. மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளின் பட்டியல்களான ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் ஆகியவற்றில் அடங்கும் மருந்துகளை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் வழங்கலாம். மீண்டும் தரலாம் என்று மருத்துவரே அதில் எழுதியிருந்தால் மட்டுமே, அவர் குறித்த தடவைக்கும் இடைவெளிக்கும் உட்பட்டு மறுபடி தரலாம்.

சீட்டில் தேதி, மருத்துவரின் கையொப்பம், நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் மொத்த அளவு, உட்கொள்ளும் முறை ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். மருந்தைத் தந்தவுடன், கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே மருந்துக் கடைக்காரர்களான நாங்கள் குறிக்க வேண்டும் என்பதும் விதி. இப்படிச் சீல் வைத்தால் அடுத்த கடையில் மருந்து தரமாட்டார்களே என்று சிலர் வருந்துகிறார்கள். ஒரே சீட்டுக்கு மறுபடி மருந்து வாங்குவதைத் தடுப்பதற்காகவே அந்த சீல் வைக்கப்படுகிறது. முப்பது மாத்திரைகளில் பத்தை மட்டும் வாங்குகிறவர்கள், வாங்கிய எண்ணிக்கையையும் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டால், மீதியை வாங்கும்போது குழப்பம் இராது. வாட்ஸ்அப்பில் வரும் சீட்டின் படத்தில் சீல் வைக்க முடியாது; அதே படம் எத்தனை கடைகளுக்குச் சென்றது என்பதும் எவருக்கும் தெரியாது.

இதைச் சட்டச் சடங்காகக் கருதிவிடக் கூடாது. மாமியாரின் கண்புரை அறுவைக்குப் பின் எழுதப்பட்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, கண் சிவந்திருந்த தன் மகனுக்காகக் கேட்டு, அந்தப் பழைய சீட்டுடன் ஓர் அம்மா எங்கள் கடைக்கு வந்தார். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால், அந்த மருந்து கருவிழிப் புண்ணை மோசமாக்கிவிடும். பல வாரங்கள் தொடர்ந்தால் கண்ணின் அழுத்தமும் கூடலாம். மருந்து தர மறுத்ததில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இசைந்தார். தனக்கே எழுதப்பட்ட சீட்டிலும் இந்த ஆபத்து உண்டு. இரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்டான் உட்கொள்ளும் பெண் கருவுற்றால், அம்மருந்து கருவுக்குத் தீங்கு செய்யும். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் உட்கொள்பவரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால், அளவை மாற்றவோ மருந்தையே நிறுத்தவோ வேண்டிவரும். சென்ற ஆண்டின் சீட்டு சென்ற ஆண்டின் உடலுக்கு எழுதப்பட்டது.

2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியல், தொடக்கத்தில் 46 மருந்துகளைக் கொண்டிருந்தது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், காசநோய் மருந்துகளும், அல்பிரசோலம், டிரமடால் போன்ற பழக்கமாகிவிடக்கூடியவையும் அதில் உள்ளன. இவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் விவரங்களையும் தந்த அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதால்தான் முகவரி கேட்கிறோம்; தயவுசெய்து அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளுக்குச் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்றைக் கடையில் 2 ஆண்டுகள் வைத்திருப்போம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு என்று நெடுநாள் மருந்து உட்கொள்பவர்கள், மருத்துவரைப் பார்க்கும்போதே "மாதம் ஒருமுறை வீதம் மூன்று மாதங்களுக்குத் தரலாம்" என்பதுபோலத் தெளிவாக எழுதித் தரக் கேளுங்கள். "தொடரவும்" என்ற ஒற்றைச் சொல், எத்தனை முறை தரலாம் என்று எங்களுக்குச் சொல்வதில்லை. கடைசி மாத்திரையையும் விழுங்கிவிட்டு சனிக்கிழமை இரவில் வருகிறவர்களைக் காணும்போது மனம் பதைக்கிறது. குறிப்பாக, வலிப்பு மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரக்கூடும். ஒரு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பில் இருக்கும்போதே மருத்துவரிடம் அடுத்த சந்திப்புக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.