ஹைபிரிடை விற்கும் முன் முழங்கையை மடக்கிப் பாருங்கள்

விடியற்காலையில் சென்னை ஈ.சி.ஆரில் ஹைபிரிட் சைக்கிள், அதாவது நேரான ஹேண்டில்பாரோடு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள், ஓட்டுகிற எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். நாம் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருப்போம், பின்னாலிருந்து ஒரு ரோட் பைக், அதாவது வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து ஓட்டும் வேகச் சைக்கிள், விர்ரென்று வந்து தாண்டிப் போய்விடும். அன்றைக்கே நாமும் ஒன்று வாங்கலாமா என்ற யோசனை ஆரம்பித்துவிடும்.

கடைக்குப் போனால் முதலில் எடையைத்தான் சொல்வார்கள், இரண்டு விரலால் தூக்கியும் காட்டுவார்கள். எடையை நம்பி வாங்காதீர்கள். உங்கள் ஹைபிரிட் 13 கிலோ, புது ரோட் பைக் 9.5 கிலோ, நீங்கள் 72 கிலோ என்றால் மொத்தத்தில் குறைவது 4 சதவீதம்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறவருக்கு இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சமாகும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை தட்டைச் சாலை, அங்கே அதுவும் தெரியாது.

உண்மையான எதிரி காற்றுதான். காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் படியில் ஏறுகிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். தோராயமாக ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஹைபிரிடில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவர் காற்றுக்கு மட்டும் 50 வாட் கொடுக்கிறார், ரோட் பைக்கில் குனிந்திருப்பவர் 35 வாட். வித்தியாசம் 15தான். அதுவே 30 கிலோமீட்டரில் 170க்கு 120 என்று ஆகிவிடுகிறது. என்னைப் போன்ற சாதாரண ஆள் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே 150 வாட் பக்கம்தான் எனும்போது 50 வாட் என்பது மிகப் பெரிய தொகை.

உட்காரும் விதத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 1933ல் பாரிசில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் 44.247 கிலோமீட்டர் என்று சுவிஸ் சைக்கிள் வீரர் ஓஸ்கார் எக் 1914ல் வைத்த சாதனை அதுவரை அப்படியே நின்றது. முதல் வரிசை வீரர் என்று யாரும் சொல்லாத பிரான்சிஸ் ஃபோர், சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் வந்து 45.055 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வகைச் சைக்கிளைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது.

அப்புறம் டயர். சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி மறுபடி நிமிர்கிறது, ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் சக்தி சூடாகிப் போய்விடுகிறது. கனமான, கட்டி கட்டியான டயர் அதிகமாகத் தின்னும். ஒல்லி டயர்தான் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ரப்பரும் உள்ளே இருக்கும் துணி அடுக்கும் மெல்லியதாக, இளக்கமாக இருப்பதுதான் முக்கியம். ஹைபிரிடிலேயே நல்ல வழுவழு டயர் மாட்டினால் 25 கிலோமீட்டர் வேகத்தில் 15 வாட் வரை மிச்சமாகலாம். புது சைக்கிள் விலையில் இது ஒரு சிறு பங்குதான்.

சிலர் ஹைபிரிடிலேயே வளைந்த ஹேண்டில்பாரைப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். வேண்டாம். பல ஹைபிரிடில் இருக்கும் வி-பிரேக்குக்கு (சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் பிடிக்கும் பிரேக்) கேபிளை நிறைய இழுக்க வேண்டும், ரோட் பைக் லீவர் இழுப்பது குறைவு, பிரேக் சரியாகப் பிடிக்காது.

சரி, எப்படி முடிவு செய்வது? காற்றில்லாத ஒரு காலையில், ஆளில்லாத நேராக ஓடும் சாலையில், அதே ஹைபிரிடில் முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்தி மிதித்துப் பாருங்கள். நான் செய்தபோது அதே மூச்சுக்கு வேகம் 25லிருந்து 27க்குத் தானாக ஏறியது, ஆனால் பத்தே நிமிடத்தில் மணிக்கட்டும் தோளும் வலிக்க ஆரம்பித்துவிட்டன. அந்தத் தாழ்ந்த நிலையில் இரண்டு மணி நேரம் கையை மாற்றி மாற்றி வைத்து இருக்கத்தான் ரோட் பைக்கின் வளைந்த ஹேண்டில்பார். தனியாக, நீண்ட தூரம், 25க்கு மேல் ஓட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் 18, 20ல் போய்வருகிறவர் டயரை மாற்றினால் போதும்.