கழுத்தில் தடம் இல்லையா? அப்போதும் அழைத்து வாருங்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது பெண். இருபத்தைந்து வயது இருக்கும். ஓ.பி. சீட்டில் ‘தொண்டை வலி’ என்று இருந்தது. குரல் கரகரத்தது, எச்சில் விழுங்கவே முகம் சுளித்தார். எப்படி ஆனது என்று கேட்டால் அம்மாதான் பதில் சொன்னார்: “கோவத்துல மாப்பிள்ளை கழுத்தைப் புடிச்சுட்டாரு டாக்டர். தடம்கூட இல்ல, பாருங்க.”

தடம் இல்லை. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாமியார் சொல்கிறார், விசாரிக்க வரும் காவலர் சொல்கிறார், எங்கள் இளம் மருத்துவர்களும் சொல்கிறார்கள். கயிறு இறுக்கினால் தோலில் கோடு விழும். உள்ளங்கையோ முழங்கை மடிப்போ அழுத்தினால் அழுத்தம் பரவிவிடும். மேலே ஒன்றும் தெரியாமலே உள்ளே ரத்தக்குழாய் நசுங்கும். நம் மாநிறத் தோலில் கன்றிப்போனதும் சட்டென்று தெரியாது, சிலருக்கு மறுநாள்தான் தெரியும். 1990களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 300 கழுத்து நெரிப்புப் புகார்களை அரசு வழக்கறிஞர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. (தடய மருத்துவத்தில் நாங்கள் படித்தது பெரும்பாலும் இறந்தவர்களின் கழுத்தை. உயிரோடு வந்து நிற்பவருக்கு அந்தப் படிப்பு போதாது.)

அப்புறம், ‘பிடித்தார்’ என்று சொல்லாதீர்கள். நெரித்தார். பத்து விநாடியில் நினைவு தப்பிவிடும். கணவர் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவர் கையாலேயே அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அன்றைக்கே வாருங்கள். குரல் மாறியிருக்கிறதா, கண்ணில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா, நடுவில் நடந்தது மறந்துபோயிருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சிறுநீர் கழிந்திருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். எங்களுக்கு அது முக்கியமான தகவல். வீட்டுக்குப் போன பிறகு ஒருபக்கத் தலைவலி, இமை இறங்குவது, கை கால் மரத்துப்போவது என்று எது வந்தாலும் உடனே திரும்பி வாருங்கள். ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் சில நாள் கழித்துக்கூட வரும். கர்ப்பமாக இருந்தால் குழந்தையையும் பார்க்க வேண்டும்.

காயங்களைப் பதியும் மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் ‘கைகலப்பு’ என்று எழுதவிடாதீர்கள். யார், எந்தக் கையால், எத்தனை முறை என்று எழுதச் சொல்லுங்கள். புகார் கொடுக்கவில்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க முடியாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

அம்மாக்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சமாதானம் பேசி அன்று இரவே அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இரவுப் பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. கணவரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, “கழுத்தை நெரிச்சாராம்மா?” என்று தனியாகக் கேளுங்கள். இந்த நான்கு பேரும் அப்படிக் கேட்டபோதுதான் முழுதாகச் சொன்னார்கள்.