எல்லோருக்கும் அட்மின் கொடுக்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் ஒரு துணிக்கடையின் இணையதளம். ஆர்டர் பார்க்கும் தம்பி ஏதோ ஒரு பிளக்இன்னை (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) நிறுத்திவிட்டார், பணம் கட்டும் பக்கம் காணாமல் போனது. "பிளக்இன் மெனுவையே மறைத்துத்தானே சார் கொடுத்தார்கள்?" என்கிறார் முதலாளி. மறைத்தது உண்மைதான். ஆனால் யூஸர் பட்டியலைத் திறந்தால், கடையில் இருக்கும் அத்தனை பேரும் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது எதையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர்!

மெனுவை மறைக்கப் போடும் 'ரிமூவ் மெனு பேஜ்' என்கிற ஃபங்ஷன் (கோடில் எழுதும் கட்டளை) இடப்பக்கப் பட்டியலில் ஒரு வரியை எடுக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பக்கம் அங்கேயேதான் இருக்கும். முகவரியைத் தட்டினாலோ, பிரௌசர் ஹிஸ்டரியில் சொடுக்கினாலோ தாராளமாகத் திறக்கும். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு ஷட்டரைத் திறந்தே போட்டுவிட்டுப் போவது போலத்தான் இது. உள்ளே விடலாமா என்று வேர்ட்பிரஸ் முடிவு செய்வது வருபவரின் ரோலுக்கு (அவர் கணக்குக்குத் தந்த பொறுப்புக்கு) அனுமதி இருக்கிறதா என்று பார்த்துத்தான். மெனு கண்ணில் படுகிறதா என்பது அதற்குக் கணக்கே இல்லை. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கோடில்) மறைப்பவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

மெனுவை மறைப்பது தவறில்லை. திரை சுத்தமாக இருந்தால் கிளையண்ட் குழம்ப மாட்டார். ஆனால் முதலில் ரோல், அப்புறம்தான் அலங்காரம்.

"நான்தானே ஓனர், எனக்கு அட்மின் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், தனி லாகினாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பதிவு போட எடிட்டர் ரோல் போதும். எடிட்டரில் தளத்துக்கு வருபவர்கள் பார்க்கும் மெனுவை மாற்ற முடியவில்லை என்பதற்காகவே பலர் அட்மினுக்குத் தாவுகிறார்கள். 'எடிட் தீம் ஆப்ஷன்ஸ்' என்ற ஒரே அனுமதியை எடிட்டருக்குச் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்தது.

ஆர்டர் பார்ப்பவருக்கு, ஆன்லைன் கடை நடத்தும் பிளக்இன்னான வூகாமர்ஸின் ஷாப் மேனேஜர் ரோல் சரி. ஆனால் அதையும் சின்ன ரோல் என்று நினைக்க வேண்டாம். யூஸர்களைத் திருத்தும் அனுமதி அதற்கு உண்டு. அந்த அனுமதி டேட்டாபேஸில் இருக்கிறது. அட்மினைத் தொடக்கூடாது என்ற தடையோ பிளக்இன்னின் கோடில். ஃபைலை நீக்க வழிவிட்ட ஓட்டை ஒன்றின் மூலம் வூகாமர்ஸையே முடக்கினால் தடை போய்விடும், அனுமதி மட்டும் மிஞ்சும், அட்மின் பாஸ்வேர்டையே மாற்றிவிடலாம் என்ற நிலை முன்பு இருந்தது. 2018-ல் வூகாமர்ஸ் 3.4.6 பதிப்பில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

டெவலப்பர் தம்பிகளே, ரோல்கள் டேட்டாபேஸில் பதிவாகின்றன. ரோலை உருவாக்கும் 'ஆட் ரோல்' வரியில் அனுமதிகளை மாற்றி எழுதிவிட்டு "ஏன் மாறவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்த ரோல் ஏற்கெனவே இருந்தால் அந்த வரி ஒன்றுமே செய்யாது. கோடை நீக்கினாலும் ரோல் போகாது. ஒப்படைக்கும் முன் அந்த ரோலில் நீங்களே லாகின் செய்து பிளக்இன் பக்கத்தின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். டாஷ்போர்டிலிருந்தே (நிர்வாகத் திரையிலிருந்தே) கோடைத் திருத்தும் வசதியை 'டிஸ்அலவ் ஃபைல் எடிட்' என்ற அமைப்பைப் போட்டு அடைத்துவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கு: ஒரு லாகினை நான்கு பேர் பகிராதீர்கள். யார் எதை நிறுத்தினார் என்றே கண்டுபிடிக்க முடியாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது அவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். தயவுசெய்து நிதானமாகப் படித்து, வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள். அவசரத்தில் நீக்கச் சொல்லிவிட்டால் அவர் போட்ட பதிவுகளும் கூடவே போய்விடும்.